பழந்துணியும் பெட்டித்துணியும்: ஏதென்ஸ் அறிக்கையைக் குறிஞ்சிப்பாடியிலிருந்து வாசித்தல்

தகரப் பெட்டியைத் திறந்ததும் முகத்தில் அடிப்பது நெடிதான். பாட்டியின் சேலையை எடுத்து உதறினால் மடிப்பிலிருந்து மிளகளவு வெள்ளைத் துணுக்கு ஒன்று உருண்டு விழும். உள்ளே வைத்த அன்று அது நெல்லிக்காய்ப் பருமன். பாச்சை உருண்டை கரைந்துவிட்டது என்பார்கள் வீட்டில். உருண்டையிலுள்ள நாப்தலின் பெட்டிக்குள் கரைவதில்லை, உருகாமலே ஆவியாகிறது. அந்த ஆவியில் ஒரு பங்கு பெட்டியின் இடுக்கு வழியே அறைக்குப் போயிற்று, மறு பங்கு சேலையிலேயே தங்கியது. பழைய உடைகள் உடம்புக்குக் கெடுதலா என்ற விவாதத்தில் நெல்லிக்காய் மிளகான இந்தக் கணக்கை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

விவாதம் இதுவரை வேறு தடத்தில் ஓடியிருக்கிறது. முன்பு உடுத்தியவரின் நோய் துணியோடு வரும் என்பது பொதுச் சுகாதார எழுத்தின் பழைய பல்லவி. பழந்துணி மீதான அருவருப்பைத் தீட்டு, மானம் என்ற சொற்களுக்குள் அடைப்பது சமூகவியல் தரப்பு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர், நாகப்பட்டினம் கரையோரங்களுக்கு லாரி லாரியாக வந்த பழைய துணிகளை மீனவர்கள் தொட மறுத்ததும், அவை சாலையோரம் குவிந்து கிடந்ததும் இந்த இரண்டாம் தரப்பின் விருப்பமான சான்று. மானம் காரணமல்ல என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இரு தரப்புமே துணியின் தீங்கை அதை உடுத்தியவரிடம் தேடுகின்றன. துணியைக் காத்து வைத்த முறையிடம் தேடவில்லை.

கிருமி வாதத்தை நீட்ட வேண்டியதில்லை. மனித உடலை விட்டு இறங்கிய சொறிப்பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது; உடற்பேன் ஏறத்தாழ ஒரு வாரம். அம்மைத் துணி என்ற பழைய அச்சத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. பெரியம்மை ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. படர்தாமரைப் பூஞ்சையின் வித்துகள் மட்டும் மாதக்கணக்கில் துணியில் கிடக்கக்கூடும். அதற்கு வெந்நீரும் வெயிலும் சூடான இஸ்திரியும் போதும்.

இங்கே ஒரு பாகுபாடு தேவைப்படுகிறது. உடுத்தி, துவைத்து, கொடியில் காய்ந்து, மறுபடி உடுத்தி நைந்தது பழந்துணி. உடுத்தாமல் மூடி வைத்ததைப் பெட்டித்துணி என்று அழைக்கலாம். வயது ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி போன்ற நெசவு ஊருக்கு இது புதுச் செய்தியாக இராது. பாவுக்குப் போட்ட கஞ்சியின் விறைப்போடு தறியிலிருந்து இறங்கும் கைலி பல துவையல் கண்ட பிறகுதான் உடம்போடு ஒட்டும். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல் நைந்த வேட்டியிலும் நூல் சேலையிலும் சுற்றும் தமிழ் வழக்கத்தைக் கண்ணேறு நம்பிக்கை என்று ஒதுக்கியவர்கள், கஞ்சியும் மிச்சச் சாயமும் போன துணி இளந்தோலுக்கு இதம் என்ற எளிய பயனைக் கவனிக்கவில்லை. அந்த வழக்கம் சரியானது. நைந்த துணி கொடியிலிருந்து வருகிறதா, பெட்டியிலிருந்து வருகிறதா என்பதில்தான் சிக்கல்.

பெட்டித்துணியின் தீங்குக்கு முதன்மைச் சான்று 1963இல் ஒரு குழந்தை மருத்துவ இதழில் வலேஸ், டாக்சியாடிஸ், ஃபெஸ்ஸாஸ் என்ற மூவர் வெளியிட்ட ஏதென்ஸ் அறிக்கை. நாப்தலின் ஆவியால் சிவப்பணுக்கள் சிதைந்த 21 கிரேக்கக் குழந்தைகளைப் பற்றியது. சிதைவின் விளைவாக மஞ்சள் காமாலை முற்றி, சிலருக்குக் காமாலை நிறமி மூளைவரை சென்று தாக்கியது. இரு குழந்தைகள் இறந்தன. பாடநூல்களில் இது பெரும்பாலும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டுக்கு எடுத்துக்காட்டாகவே தலைகாட்டுகிறது. பிறவியிலேயே நொதி குறைந்த குழந்தை, அதற்கு ஒவ்வாத ஒரு பொருள், அவ்வளவுதான் கதை என்பது அந்த வாசிப்பு.

அறிக்கை அதற்கு மேலும் சொல்கிறது. குறைபாடு இருந்தது ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்குத்தான். மீதிப் பேருக்கு நொதிக் கணக்கு மட்டும் விளக்கமாகாது. அதைவிட முக்கியம், பெரும்பாலான குழந்தைகள் நாப்தலின் பட்ட துணியை உடுத்தியிருக்கவே இல்லை. போர்வையோ கம்பளியோ அவர்கள் இருந்த அறையிலோ பக்கத்திலோ இருந்தது. ஒரு குழந்தையின் விஷயத்தில் அறைக்கு வெளியே நடையில் இருந்த துணிகள் மட்டுமே. ஆக, தோல் தொடர்பைவிட மூச்சுதான் முதல் வழி. ஆபத்து துணியை உடுத்துபவரோடு நிற்கவில்லை, அதே அறையில் படுத்திருப்பவரையும் சேர்த்துக்கொள்கிறது. உடுத்தியவரின் நோயைத் தேடும் ஆய்வுமுறை இங்கே பிடிமானம் இழக்கிறது.

1951இல் பதிவான இன்னொரு நேர்வை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நாப்தலின் உருண்டைகளோடு வைத்திருந்த துணிகளைக் கட்டிய பச்சிளங்குழந்தைக்கு அதே சிவப்பணுச் சிதைவு. குழந்தையின் தோலில் பூசிய எண்ணெய் நாப்தலின் உட்புகுவதை எளிதாக்கியிருக்கலாம் என்று கருதப்பட்டது. நாப்தலின் எண்ணெயில் நன்றாகக் கரையும். குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பெட்டியிலிருந்து எடுத்த மெத்தென்ற சேலையில் சுற்றி, காற்று படக்கூடாதென்று சன்னலைச் சாத்திய அறையில் கிடத்தும் தமிழ் வீட்டில் மூச்சு, தோல், எண்ணெய் மூன்றும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன.

ஏதென்ஸ் கம்பளிக்கும் கடலூர்ப் பருத்திக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், தட்பவெப்பமும் வீட்டமைப்பும் வேறு. ஆனால் வெப்பம் ஏற ஏற நாப்தலின் வேகமாக ஆவியாகும், கடலூர் வெயில் ஏதென்ஸின் இலையுதிர் காலத்தைவிடக் குறைந்ததல்ல. வேடிக்கை என்னவென்றால், பருத்திக்கு அந்த உருண்டை பெரும்பாலும் வீண். அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளியையும் பட்டையும். கஞ்சி போட்ட பருத்தியை அரிப்பது இராமபாணப் பூச்சி. அதற்கு மருந்து கஞ்சியை அலசிவிட்டு ஈரமின்றி மடித்து வைப்பதே. எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறோம் என்ற மறுப்பு ஆய்வுக்கு உதவாது. பிறந்த சில நாளில் வரும் காமாலை சாதாரணம் என்பதால், துணியால் வந்த காமாலை அதன் நிழலில் ஒளிந்துகொள்வது எளிது.

சாயத்தை விட்டுவிட்டால் கணக்கு முழுமை பெறாது. பென்சிடின் வகைச் சாயங்கள் சாயத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைப் புற்றோடு தொடர்புபட்டவை. ஜெர்மனி 1994இல் குறிப்பிட்ட அசோ சாயங்களுக்குத் தடை விதித்தது. இந்தியா பென்சிடின் வகைச் சாயங்கள் 42க்கு முன்னரே விதித்த தடையோடு, 1997 மார்ச்சில் மேலும் 70 அசோ சாயங்களைச் சேர்த்தது. ஆகவே எழுபது, எண்பதுகளின் அச்சுச் சேலையை நாகரிகம் கருதி வாங்கி அணிபவர், இன்றைய கடையில் இருக்கக்கூடாத சாயத்தை உடுத்தக்கூடும். எனினும் எப்போதாவது உடுத்தும் சேலையையும் நாள்தோறும் சாயத்தொட்டியில் கைவிட்ட தொழிலாளியின் நிலையையும் ஒரே தட்டில் வைப்பது மிகை. பழைய உடை பற்றிப் பேசும்போதெல்லாம் ஆர்சனிக் கலந்த பச்சைச் சாயமிட்ட பழைய ஐரோப்பியக் கவுனை இழுத்து வருவதும் அதே வகை மிகைதான்.

நாப்தலினைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் மனிதருக்குப் புற்று விளைவிக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் நாப்தலின் பூச்சி உருண்டைகளை விலக்கியது. இங்கே அது மளிகைக் கடையில் கிடைக்கிறது. பாரா டைகுளோரோபென்சீன் உருண்டையும் அதே வெண்மையில் அதே பெயரில் விற்கப்படுவதால், பழைய பெட்டியில் எது இருந்தது என்பது ஆய்வாளருக்கே குழப்பம். மடிப்பில் மிளகளவு துணுக்கு மிஞ்சியிருந்தால் வழி உண்டு. வெறும் நீரில் இரண்டும் மூழ்கும். துணுக்கு சூடமாக இருந்தால் மட்டும் மிதக்கும். நீரில் உப்பை அள்ளிப் போட்டு இனிமேல் கரையாது என்னும் அளவுக்குக் கலக்கிவிட்டால், நாப்தலின் மேலே வந்துவிடும். மற்றது அடியிலேயே கிடக்கும்.