ரிட்டயர்டு ஆண்களின் 'மென்ஸ் ஷெட்': சொந்தமா ஒரு பட்டறை கட்டுவது ஏன் இவ்வளவு பெரிய வேலை?

'ஷெட்' என்றதும் நமக்கு பைக்கை விடும் மெக்கானிக் ஷெட்டோ, ரயில் இன்ஜின் நிற்கும் லோகோ ஷெட்டோதான் ஞாபகத்துக்கு வரும். ஆஸ்திரேலியாவில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கொஞ்சம் வேறு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சின்னக் கொட்டகை. உள்ளே சுத்தியல், ரம்பம், பாதியில் நிற்கும் ஒரு நாற்காலி. அந்த வீட்டு ஆண் தனியாக உட்கார்ந்து எதையாவது குடைந்துகொண்டிருக்கும் இடம். அந்தக் கொட்டகையை ஊருக்கே பொதுவாக்கினால் அதுதான் 'மென்ஸ் ஷெட்'.

இன்று ஆஸ்திரேலியாவில் மட்டும் 1,200-க்கும் அதிகமான மென்ஸ் ஷெட்கள் இருக்கின்றன. பிரிட்டனில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அயர்லாந்தில் 400-க்கும் மேல். இவற்றில் பலவும் இரவல் இடத்தில் தொடங்கியவை. அப்படித் தொடங்கிய ஷெட்களில் சில வருஷத்திலேயே ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "நமக்குன்னு ஒரு இடம் வேணும்பா."

அந்த இடத்தைக் கட்டுவதில் அப்படி என்ன சிக்கல்? கட்டாமல் விட்டால் என்ன நஷ்டம்?

மென்ஸ் ஷெட்டில் என்னதான் நடக்கும்?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், மனைவியை இழந்தவர்கள், உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டவர்கள் வாரத்தில் சில நாள் கூடுவார்கள். மரவேலை, வெல்டிங், பழைய சைக்கிள் ரிப்பேர், குழந்தைகளுக்கான மரப் பொம்மை, பறவைகளுக்கான கூடு என்று கை வேலை ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். 2019-20 காட்டுத்தீயில் மரப் பொந்துகளை இழந்த விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் கூடுகள் செய்து கொடுத்ததில் மென்ஸ் ஷெட்களுக்கும் பங்கு உண்டு.

ஆனால் மேஜை செய்வது நோக்கம் இல்லை. அது ஒரு சாக்கு. "மனசு சரியில்ல, வாங்க பேசலாம்" என்று கூப்பிட்டால் பல ஆண்கள் வரமாட்டார்கள். "இந்தப் பலகையைக் கொஞ்சம் பிடிங்க" என்றால் வருவார்கள். பிடித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு வரும். முகம் பார்த்துப் பேசாத ஆண்கள் தோளோடு தோள் நின்று பேசுவார்கள் என்பதுதான் இந்த இயக்கம் திரும்பத் திரும்பச் சொல்லும் வாசகம்.

இதன் பின்னால் இருக்கும் பிரச்னை லேசானது அல்ல. ஆஸ்திரேலியாவில் தற்கொலையால் இறப்பவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் ஆண்கள். 2010-ல் அந்த நாடு முதல்முறையாக ஆண்களின் ஆரோக்கியத்துக்கென்று ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டபோது, மென்ஸ் ஷெட்களுக்கு நிதி கொடுப்பதும் அதில் இடம்பெற்றது.

இது எப்போது தொடங்கியது?

தெற்கு ஆஸ்திரேலியாவின் கூல்வா என்ற ஊரில் 1993-லேயே 'தி ஷெட்' என்ற பெயரில் முதியவர்களுக்கான ஒரு இடம் திறக்கப்பட்டது. அதைத் தொடங்கியவர் மாக்சின் சேஸ்லிங் என்ற பெண். ஆண்களுக்கான இயக்கம் ஒன்றின் தொடக்கத்தில் ஒரு பெண் இருக்கிறார் என்பது பலருக்கும் தெரியாது. 'மென்ஸ் ஷெட்' என்ற பெயரிலேயே முதலில் திறந்தது விக்டோரியா மாகாணத்தின் டொங்காலாவில், 1998 ஜூலையில். அதே வருஷக் கடைசியில் சிட்னியின் லேன் கோவ் பகுதியிலும் ஒன்று வந்தது. 2007-ல் இவற்றுக்கெல்லாம் ஒரு தேசிய சங்கம் உருவானது. அயர்லாந்தில் 2011-லும் பிரிட்டனில் 2013-லும் இதேபோன்ற சங்கங்கள் வந்தன.

இரவல் இடத்தில் என்ன கஷ்டம்?

சர்ச் ஹால், சாரணர் கூடம், கைவிடப்பட்ட ரயில்வே குட்ஸ் ஷெட், உள்ளூர் கவுன்சிலின் பழைய கிடங்கு. இப்படித்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறார்கள். டீ குடிக்க, சீட்டு விளையாட இது போதும். பட்டறை நடத்த முடியாது.

காரணம் எளிது. பொது ஹாலில் சாயங்காலம் வேறு கூட்டம் இருக்கும். அதனால் காலையில் மிஷினை உருட்டி வெளியே எடுக்க வேண்டும், மதியம் தூசி துடைத்து மறுபடி உள்ளே பூட்ட வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவர்கள் ஒவ்வொரு முறையும் கனமான இரும்பைத் தூக்கி இறக்குகிறார்கள். முதுகு போகிறது, நேரமும் போகிறது. பசை போட்ட நாற்காலியை இரவு முழுக்கக் காயவிடக்கூட இடம் இருக்காது.

இன்னொன்று மரத்தூள். பார்க்க சாதாரணமாகத் தெரியும். ஆனால் உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. எம்.டி.எஃப் பலகையை அறுத்தால் அதன் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து வரும், அதுவும் அதே பிரிவு. ஆகவே ஒவ்வொரு மிஷினிலிருந்தும் தூளை உறிஞ்சி வெளியே கொண்டுபோகும் குழாய்களை சுவரிலும் கூரையிலும் நிலையாகப் பொருத்த வேண்டும். இரவல் கொடுத்தவரின் சுவரில் ஓட்டை போட முடியுமா?

இலவசமாகக் கிடைக்கும் பழைய கட்டடத்தில் வேறு ஒரு பயமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை வந்தது 2003 டிசம்பர் 31-ல்தான். அதற்கு முன் கட்டிய பல கட்டடங்களில், குறிப்பாக 1990-க்கு முந்தையவற்றில், சுவரிலும் கூரையிலும் அது இருக்கலாம். சும்மா கிடைத்த கட்டடத்தை சுத்தம் செய்யவே பெரிய பில் வந்துவிடும்.

'நிரந்தரம்' என்றால் சொந்தமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். புதிய பட்டறை கட்டினாலும் அது ஷெட்டுக்குச் சொந்தம் என்று அர்த்தம் இல்லை.

நிலம் பெரும்பாலும் கவுன்சிலுக்கோ அரசுக்கோ சர்ச்சுக்கோ சொந்தமானது. பெயருக்கு ஒரு சின்னத் தொகையை வாடகையாக வாங்கிக்கொண்டு குத்தகைக்குக் கொடுப்பார்கள். ஆஸ்திரேலியா பின்பற்றும் ஆங்கிலேய சட்ட மரபில், ஒருவரின் நிலத்தில் நிலையாக எழுப்பிய கட்டடம் பொதுவாக அந்த நிலத்தோடு சேர்ந்ததாகவே பார்க்கப்படும். அதாவது தொழிலாளியாக வாழ்ந்து ரிட்டயர்டான முப்பது பேர் வருஷக்கணக்கில் காசு சேர்த்துக் கட்டிய பட்டறை, குத்தகை முடிந்த மறுநாள் வேறொருவருடையது ஆகிவிடலாம்.

எனவே கட்டடத்தின் வரைபடத்தைவிட குத்தகைப் பத்திரம்தான் முக்கியம். எத்தனை வருஷம்? புதுப்பிக்கும் உரிமை யாருக்கு? கூரை ஒழுகினால் யார் செலவு? கவுன்சில் நிலத்தை விற்க நினைத்தால் மாற்று இடம் உண்டா? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் இல்லாமல் கான்கிரீட் போடுவது புத்திசாலித்தனம் இல்லை. நிதி கொடுப்பவர்களும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் இல்லாமல் கட்டட மானியம் கிடைப்பது கஷ்டம்.

காசு எங்கிருந்து வருகிறது?

அரசின் தேசிய ஷெட் மேம்பாட்டுத் திட்டம், மாகாண அரசு நிதி, கவுன்சில், ரோட்டரி, லயன்ஸ் கிளப்கள், உள்ளூர் வங்கிக் கிளை என்று பல கைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வரும். 2020 அக்டோபர் 1 முதல், தகுதி பெற்ற சமூக ஷெட்களுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிச் சலுகை உண்டு. மனநலத்தைக் காப்பதும் தனிமையைக் குறைப்பதும்தான் அந்த ஷெட்டின் முக்கிய நோக்கமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அப்புறம் சாசேஜ் வியாபாரம். பன்னிங்ஸ் என்ற ஹார்டுவேர் கடைகளின் வாசலில் வார இறுதியில் சமூக அமைப்புகள் சாசேஜ் சுட்டு, ரொட்டியில் வைத்து விற்கும். 2022 ஜூலையில் அதன் விலை இரண்டரை டாலரிலிருந்து மூன்றரை டாலருக்கு உயர்ந்தது நாடு முழுக்கச் செய்தியானது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இந்த விலையில் 70,000 டாலர் சேர்க்க 20,000 சாசேஜ் விற்க வேண்டும். இறைச்சி, ரொட்டி, வெங்காயச் செலவைக் கழிக்காமலேயே! கட்டடம் முழுக்க இப்படி எழும்பாது. ஆனாலும் நிற்கிறார்கள், ஏனென்றால் "நீங்கள் எவ்வளவு போட்டீர்கள்?" என்று மானியம் கொடுப்பவர் கேட்டால் காட்டுவதற்கு ஒரு தொகை வேண்டும். ஊர் மக்களுக்கும் 'இப்படி ஒரு ஷெட் வருது' என்று தெரிய வேண்டும்.

எல்லோரும் தச்சர்கள்தானே, அவர்களே கட்டிக்கொள்ள முடியாதா?

நியாயமான கேள்வி. பாதிதான் முடியும். ஆஸ்திரேலியாவில் உரிமம் இல்லாதவர் மின் வயரிங் செய்வது சட்டப்படி குற்றம், அது சொந்த வீடாகவே இருந்தாலும். நாற்பது வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்த உறுப்பினராக இருந்தாலும், உரிமம் காலாவதியாகிவிட்டால் அவர் தொடக்கூடாது. பிளம்பிங்கிலும் பெரும்பாலான வேலைகளுக்கு உரிமம் தேவை. பெயின்ட், அலமாரி, வேலை மேஜை, தோட்டம் ஆகியவைதான் அவர்கள் கைக்கு மிஞ்சும்.

கட்டட விதிகளிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. வீட்டுப் பின்புறக் கொட்டகை தேசிய கட்டட விதியில் '10ஏ' வகுப்பு. அதற்குக் கெடுபிடி குறைவு. மென்ஸ் ஷெட் அப்படி இல்லை. பொருள் தயாரிக்கும் பட்டறை '8', பலர் கூடும் பொதுக் கட்டடம் '9பி'. இதில் எந்த வகுப்பு என்று முடிவாவதைப் பொறுத்து தீ வெளியேறும் வழி, கழிப்பறை எண்ணிக்கை எல்லாமே மாறும். சக்கர நாற்காலி நுழைய கதவின் இடைவெளி குறைந்தது 850 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பெயரில் ஷெட், பில்லில் ஃபேக்டரி.

நல்ல பட்டறை எப்படி இருக்கும்?

அளவில்தான் முதல் தப்பு நடக்கும். அங்கே ஒரு முழுப் பலகை 2.4 மீட்டர் நீளம். அதை நீளவாக்கில் அறுக்க, ரம்பத்துக்கு முன்னால் 2.4 மீட்டர், பின்னால் 2.4 மீட்டர் காலியாக வேண்டும். ஒரே ஒரு மிஷினுக்கே சுமார் ஐந்து மீட்டர் நீளம். 'எல்லா மிஷினையும் சுவரோரம் வைத்துவிடலாம்' என்று நினைத்துப் போட்ட பிளான், முதல் பலகை வந்ததும் பல்லிளிக்கும்.

வெல்டிங்கும் மரவேலையும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. ஒரு பக்கம் தீப்பொறி, இன்னொரு பக்கம் மரத்தூள் என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெரிய மிஷின்களுக்கு த்ரீ பேஸ் கரண்ட் வேண்டும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மிஷின் தானாக ஓடத் தொடங்காத சுவிட்ச் வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் வெப்பத் தடுப்பு இல்லாவிட்டால் 40 டிகிரி கோடையில் யாரும் உள்ளே நிற்க மாட்டார்கள்.

இதையெல்லாம் விட முக்கியமான அறை ஒன்று உண்டு. அது டீ அறை. பட்ஜெட் இடிக்கும்போது முதலில் வெட்டுவதும் அதைத்தான். காலை வேலைக்கு நடுவே டீ இடைவேளையை அங்கே 'ஸ்மோக்கோ' என்பார்கள். ரம்பம் நின்ற பிறகுதான் ஒருவர் டாக்டர் சொன்ன ரிப்போர்ட்டைப் பற்றி வாய் திறப்பார். மரவேலையே தெரியாத, டீக்கு மட்டும் வரும் உறுப்பினர்களும் நிறைய. மிஷின் சத்தம் கேட்காத சுவர், ஆனால் பட்டறையைப் பார்க்க ஒரு ஜன்னல் என்று அமைத்தால் கை நடுங்கும் வயதானவரும் ஒதுக்கப்பட்டதாக நினைக்க மாட்டார். ஐம்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவரிடம் "இனி நீங்க ரம்பத்தைத் தொட வேணாம்ணே" என்று சொல்வதுதான் எந்த ஷெட்டிலும் கஷ்டமான பேச்சு. அவருக்குப் போய் உட்கார ஒரு இடம் இருக்க வேண்டும்.

கட்டடம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. ஷெட்களால் உறுப்பினர்களின் மனநிலை மேம்படுகிறது என்று சொல்லும் ஆய்வுகள் பலவும், உறுப்பினர்களே சொன்ன பதில்களை வைத்துச் செய்தவை. பிடிக்காமல் நின்றவர்களை யாரும் கேட்பதில்லை. அதனால் இதை மருந்து போலப் பேசுவது மிகை. ஆனால் தனிமை உண்மையான ஆபத்து. உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்று உலக சுகாதார அமைப்பு 2025-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

பெண்களுக்கு இடம் உண்டா என்ற கேள்வியும் கட்டும்போதுதான் சூடு பிடிக்கும். பொதுப் பணத்தில் கட்டிய இடம் ஆண்களுக்கு மட்டுமா? சில ஷெட்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்கின்றன, சிலவற்றில் தனி நாள், சில ஊர்களில் தனியாக 'விமன்ஸ் ஷெட்'. 2020 வரிச் சலுகை ஆண்கள் ஷெட், பெண்கள் ஷெட் இரண்டுக்குமே பொருந்தும்.

திறப்பு விழா முடிந்த பிறகு வருவது சாவி பிரச்னை. மிஷின் ஓட வேண்டும் என்றால், பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். அவரும் சம்பளம் வாங்காத, வயதான உறுப்பினர்தான். பழைய ஹாலில் வாரம் இரண்டு நாள் இயங்கிய ஷெட், புதுக் கட்டடத்தில் ஐந்து நாள் இயங்க ஆசைப்படும். கரண்ட் பில், இன்ஷூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் வாரம் முழுவதற்கும் வரும், கதவைத் திறக்க ஆள் இரண்டு நாளுக்குத்தான் இருப்பார்கள். ஆகவே விவரமான கமிட்டிகள் அடித்தளம் தோண்டும்போதே, அடுத்த ஐந்து வருஷத்துக்கு எந்த நாளில் யார் சாவியோடு வருவார்கள் என்று ஒரு பட்டியலையும் எழுதத் தொடங்கிவிடுகின்றன.