குடும்பத்தாரை மட்டும் கொண்டு: சிவகாசி வட்டாரத்துக் குழந்தைக் காப்புச் சட்டங்களின் வரலாறு

பெண்பாற் பருவங்களை வகுக்குமிடத்துப் பேதைக்கு 5 முதல் 7 வரையும், பெதும்பைக்கு 8 முதல் 11 வரையும், மங்கைக்கு 12, 13 ஆகிய ஆண்டுகளும், மடந்தைக்கு 14 முதல் 19 வரையும் அகவையெல்லையாகக் கூறுதல் பெருவழக்கு. இந்தியத் தொழிற்சாலைச் சட்டங்கள் குழந்தைக்கு வகுத்த எல்லைகளை இவற்றோடு ஒருங்கு வைத்து நோக்குதல் சுவையுடைத்து. 1881-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வயது நிரம்பாதாரை வேலைக்கு அமர்த்தலாகாது என்றது. 1891-இல் அது 9 ஆயிற்று. 1922-இல் 12 ஆயிற்று. 1948-இல் 14 ஆயிற்று. பேதைப் பருவத்தின் இறுதியில் தொடங்கிய சட்டம் மடந்தைப் பருவத்தின் வாயிலை எய்த 67 ஆண்டுகள் சென்றன. இவ்வொப்புமை தற்செயலாய் அமைந்தது. இதன்மேல் முடிபொன்றும் கட்டுதற்கில்லை. ஆயினும், தீப்பெட்டித் தொழிலில் ஈடுபட்ட குழந்தைகளுட் பெரும்பாலார் சிறுமியரே ஆதலின், பேதையும் பெதும்பையும் ஈண்டு நினைவிற்கு வருதல் இயல்பே.

குழந்தைக் காப்பின் வரலாற்றை அகவையெல்லையின் வளர்ச்சியாகவே எழுதிச் செல்வது பலர் மேற்கொண்ட முறை. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் நிலத்தைப் பொறுத்தமட்டில் அம்முறை பயன்படாது என்பது எம் கருத்து. ஈண்டுக் குழந்தை எத்தனை வயதினது என்பதினும், எவ்விடத்திருந்து வேலை செய்தது என்பதே சட்டத்திற்குப் பெரிதாயிற்று. ஆலைக்குள் ஒரு நீதியும் வீட்டுத் திண்ணைக்கு வேறொரு நீதியுமாகச் சட்டம் நெடுங்காலம் நின்றது. அவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றியது, எந்நாளில் நீங்கியது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் விளைவன. மழை பொய்ப்பின் அவையும் இல்லை. 1922-இல் இந்திய அரசு அயல்நாட்டுத் தீப்பெட்டிக்கு மிக்க சுங்கவரி விதித்தது. அவ்வாண்டிலேயே சிவகாசியைச் சார்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். சுவீடன் நாட்டு முதலாளிகளோ 1923-இல் வெஸ்டர்ன் இந்தியா மேச் கம்பெனியை நிறுவி, எந்திரங்கொண்டு தொழில் நடத்தினர். எந்திரத்தோடு போட்டியிட்ட சிவகாசித் தொழில் கைத்தொழிலாகவே வேரூன்றியது. கட்டை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், குச்சி அடைத்தல் என வேலை பல கூறாகப் பிரிந்தது. இவற்றுள் எதற்கும் உடல் வலிமை வேண்டுவதில்லை. விரைந்த சிறு விரல்களே வேண்டும். கூலியும் நாட்கணக்கினதன்று; செய்த உருப்படிக்கு இவ்வளவு என்பது. குழந்தை இத்தொழிலுள் நுழைந்த வாயில் இதுவே.

வரியும் இதற்குத் துணை செய்தது. 1934-இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி ஏற்பட்டது. விடுதலைக்குப் பின்னர், ஆக்கம் சிறிதாயின் வரியும் சிறிதாகுமாறு ஆலைகள் தரம் பிரிக்கப்பட்டன. சிறு தொழிலைக் காத்தல் என்னும் நன்னோக்கங் கொண்டது அம்முறை. ஆயின், பெரியதொன்றைப் பலவாகப் பிரித்து நடத்துதல் ஆதாயமாயிற்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மின்விசை முதலியன இன்றி நடக்கும் பட்டறை தொழிற்சாலை எனப்பட வேண்டுமாயின் 20 தொழிலாளர் இருத்தல் வேண்டும். சிறிதாகப் பிரிந்த பட்டறை வரியினின்றும் ஓரளவு தப்பியது. தொழிற்சாலை என்னும் பெயரினின்றும் தப்பியது. சிறு தொழிலைக் காத்த கையே சிறாரைக் கைவிட்டது எனின் அது மிகையாகாது.

பிறநாட்டு வரலாற்றையும் ஒருசிறிது நோக்குதல் வேண்டும். வெண்பாசுவரம் கலந்த தீக்குச்சி செய்தோரின் தாடையெலும்பு அழுகி வீழ்ந்த கொடுமையை ஐரோப்பா நன்கறியும். 1888-இல் இலண்டன் நகரத் தீப்பெட்டி ஆலைப் பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தஞ் செய்து உலகின் கண்ணைத் திறந்தனர். இந்தியாவில் வெண்பாசுவரத் தீக்குச்சி 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டது. எனவே சிவகாசித் தொழில் பிறக்கும் முன்னரே அந்நோய்க்கு வாயில் அடைக்கப்பட்டிருந்தது. எஞ்சி நின்றவை தீப்புண்ணும், மருந்துத் தூளும், நாள் முழுதும் குனிந்திருத்தலுமே.

1929-இல் அமைந்த அரசத் தொழிலாளர் ஆணைக்குழு, விட்லி என்பார் தலைமையில் நாடெங்குஞ் சென்று 1931-இல் அறிக்கை தந்தது. பீடிப் பட்டறைகளில் 5 வயதுக் குழந்தைகள் 10, 12 மணி நேரம் இரண்டணாக் கூலிக்கு உழைத்தமையை அக்குழு பதிவு செய்தது. பெற்றோர் முன்பணம் பெற்றுப் பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கமும் வெளிப்பட்டது. அதன் பயனாக எழுந்தது 1933-ஆம் ஆண்டுக் குழந்தை உழைப்பு அடகுச் சட்டம். 15 வயது நிரம்பாப் பிள்ளையின் உழைப்பை அடகாக்கும் உடன்படிக்கை செல்லாது என்றது அது. பெற்றோர்க்கு 50 ரூபாய் வரையும், வேலை கொள்வோர்க்கு 200 ரூபாய் வரையும் தண்டம் விதித்தது. தக்க கூலியன்றி வேறு பயன் பெறாது, ஒரு கிழமை முன்னறிவிப்பில் நீங்கத்தக்க உடன்படிக்கையாயின் அது அடகன்று என விலக்கும் தந்தது. முன்பணம் வாய்ச்சொல்லாகவே கைமாறும் ஊரில் உடன்படிக்கையை எவர் காட்டுவர்? அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் சிவகாசிப் பட்டறைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் முன்பணம் பெற்றமையை ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர்.

அடுத்தது 1938-ஆம் ஆண்டுக் குழந்தைகள் வேலைச் சட்டம். இதன் அட்டவணையில் பீடி, கம்பளம், சிமெண்டு, தோல் பதனிடுதல், அவுரக்கு முதலியவற்றோடு தீப்பெட்டி, வெடிபொருள், வாணவேடிக்கைப் பொருள் ஆகியவற்றின் ஆக்கமும் இடம்பெற்றது. ஆகவே, சிவகாசிக் குழந்தை வேலை 1938 முதலே சட்டத்தால் விலக்கப்பட்டது என்று சிலர் எழுதுவர். அஃது அரை உண்மையே. தொழில் நடத்துவோன் கூலியாள் வையாது, தன் குடும்பத்தாரை மட்டும் கொண்டு நடத்தும் பட்டறைக்கு இவ்விலக்கு பொருந்தாது என்று அச்சட்டமே ஒரு புறனடை தந்தது. தந்தை தன் மகனுக்கு நெசவு கற்பித்தலைச் சட்டம் தடுத்தலாகாது என்னும் எண்ணமே இதற்கு அடியாதல் வேண்டும். நெசவாளன் தறிக்குத் தானே உடையன். ஆலை தந்த அட்டையையும் தாளையும் வாங்கி வீட்டில் பெட்டி ஒட்டுவோனுக்கு என்ன உடைமை உண்டு? கூலியாளின் வீட்டையே பட்டறை எனக் கொண்டு, கூலியாளையே உரிமையாளன் எனக் கொண்டு, அவன் மகளைக் குடும்பத்தார் எனக் கொண்டது இப்புறனடை. நூலின் நூற்பாவினும் புறனடையே வலியுடைத்தாதல் இலக்கண நூலுள் அரிது. சட்ட நூலுள் அத்துணை அரிதன்று.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 24-ஆம் உறுப்பு, 14 வயதிற்குட்பட்ட எக்குழந்தையும் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ இடர் மிகுந்த வேறு வேலையிலோ அமர்த்தப்படலாகாது என்றது. 45-ஆம் உறுப்பு பத்தாண்டுக்குள் 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வி தர முயலுமாறு அரசைப் பணித்தது. இப்பணியைத் தமிழ்நாட்டில் முன்னின்று நடத்தியவர் விருதுநகரிற் பிறந்த காமராசர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராய் விளங்கிய அவர் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1957, 1962 ஆகிய இரு தேர்தல்களிலும் அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பிய தொகுதி சாத்தூர். அதுவும் தீப்பெட்டி ஊரே. பிறந்த ஊரும் தேர்ந்த தொகுதியும் இவ்வட்டாரமாக இருந்தும், பள்ளிச் சோறு பட்டறைக் கூலியை இங்கு முற்ற வெல்லவில்லை. இதனை அவர்தம் குறையாகக் கொள்ளுதல் முறையன்று. பசியால் பள்ளிக்கு வாராத பிள்ளைக்குச் சோறு மருந்தாகும். குடும்பத்தின் கடனை அடைக்கச் செல்லும் பிள்ளைக்கு ஒருவேளைச் சோறு ஈடாகாது.

அந்நாளைய நடைமுறை பலராலும் விரித்துரைக்கப்பட்டுளது. சுற்றூர்களுக்கு ஆலைப் பேருந்துகள் விடியுமுன் செல்லும். தூக்கம் தெளியாத பிள்ளைகளை ஏற்றிவரும். இருட்டிய பின்னரே திருப்பிவிடும். மக்கள் இவ்வாலையைத் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றும் 'வெடி ஆபீஸ்' என்றும் வழங்குவர். அச்சொல்லாட்சியில் ஒரு மதிப்பு ஒளிந்திருத்தல் காண்க: காட்டு வேலைக்குச் செல்லாது நிழலில் அமர்ந்து செய்யும் வேலை என்பது அதன் குறிப்பு. பெண்பிள்ளைக்கு அது தகும் என்று தாயர் எண்ணியதற்கு அப்பெயரும் ஒரு காரணமாயிருக்கலாம்.

1976-இல் ஹர்பன்ஸ் சிங் என்பார் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றித் தமிழ்நாட்டரசுக்கு அறிக்கை அளித்தார். 1979 உலகக் குழந்தைகள் ஆண்டு. அவ்வாண்டு குருபாதசாமி தலைமையில் நடுவணரசு அமைத்த குழு, வறுமை உள்ளவரை குழந்தை உழைப்பை அறவே ஒழித்தல் அரிது எனக் கருதி, இடர்த்தொழிலில் விலக்கும் ஏனையவற்றில் ஒழுங்குமுறையும் பரிந்துரைத்தது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் (தடுப்பு, முறைப்படுத்தல்) சட்டம் இதன் வழிவந்தது. வறுமையே காரணம் என்னும் இக்கொள்கையை மைரன் வீனர் என்னும் அமெரிக்க அறிஞர் 1991-இல் வெளியிட்ட நூலில் மறுத்தார். கட்டாயக் கல்வியை வற்புறுத்தாத ஆள்வோரின் மனப்பாங்கே காரணம் என்பது அவர் துணிபு. இரண்டும் ஓரளவு உண்மையே எனினும், சிவகாசியைப் பொறுத்தவரை மூன்றாவதொன்றையும் கூட்டுதல் வேண்டும். அது 1938-இன் புறனடை. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை ஏற்றுக்கொண்டது. அரை நூற்றாண்டின் பட்டறிவு அவ்வொரு தொடரை அசைக்கவில்லை.

எண்ணிக்கையிலும் இவ்வேறுபாடு புலனாகும். மேத்தா என்னும் வழக்கறிஞர் தமிழ்நாட்டரசின்மேல் தொடுத்த வழக்கில், 1985 இறுதியில் சிவகாசியில் பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகள் 221 என்றும், அவற்றில் 27,338 தொழிலாளருள் குழந்தைகள் 2,941 என்றும் உச்சநீதிமன்றத்தின் முன் கூறப்பட்டது. அதே காலத்து எழுத்துகளில் பெரிதும் எடுத்தாளப்பெற்ற மதிப்பீடு 45,000. இவற்றுள் ஒன்று பொய்யாதல் வேண்டும் என்பதில்லை. முன்னது பதிவேட்டில் உள்ள ஆலையுள் நின்று எண்ணியது. பின்னது பதியாத பட்டறையையும், வெடித் தொழிலையும் உளங்கொண்டது. சான்றின் இடம் மாறின் தொகையும் மாறும் என்பது வரலாறு பயில்வார் மறத்தற்குரியதன்று.

அவ்வழக்கில் 1990-இல் நீதிமன்றம் அளித்த முதல் தீர்ப்பு, ஆக்கம் நடைபெறும் இடத்தினின்று விலகிய இடத்தில் பெட்டியடைக்கும் வேலையில் குழந்தைகளை அமர்த்தலாம் என்றது. வளர்ந்தோர்க்குரிய குறைந்த அளவுக் கூலியில் 60 விழுக்காடு தருக என்றது. 50,000 ரூபாய்க் காப்பீட்டையும் கட்டாயமாக்கியது. இரக்கத்தாற் பிறந்த தீர்ப்பே. எனினும் குழந்தை வேலையை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு ஒதுக்கியதேயன்றி ஒழித்ததன்று. ஒதுக்கிய இடமும், குழந்தைகள் முன்னரே பெருகியிருந்த வேலையே. அடுத்த ஆண்டு, 1991 சூலையில், சிவகாசி அருகே மீனம்பட்டியில் வெடியாலை தீப்பற்றியது. மாண்டோர் 39 பேர். நீதிமன்றம் தானே முன்வந்து இதனை ஏற்று, வழக்கறிஞர் மூவரை அனுப்பி அறிக்கை பெற்றது. 1996 திசம்பர் 10-இல் அளித்த தீர்ப்பு முன்னதினும் உறுதியுடையது. இடர்த்தொழிலில் அமர்த்திய குழந்தை ஒவ்வொன்றிற்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்துக. அரசு அக்குடும்பத்து வளர்ந்தார் ஒருவர்க்கு வேலை தருக, அன்றேல் 5,000 ரூபாய் அந்நிதிக்கு அளிக்க என்றது. குழந்தையை விலக்கின் குடும்பம் எங்ஙனம் உண்ணும் என்னும் வினாவை நீதி நேர்நின்று நோக்கியது இத்தீர்ப்பில்தான்.

இதற்கிடையே, 1987-ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கையின்படி 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் எழுந்தது. அது முதற்கண் மேற்கொண்ட இடங்களுள் சிவகாசியும் ஒன்று. வேலையினின்று மீட்ட பிள்ளைகளைத் தனிப்பள்ளிகளிற் சேர்த்து, உணவும் உதவித்தொகையும் அளித்துப் பின் பொதுப்பள்ளிக்கு அனுப்புதல் அதன் முறை. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் 6 முதல் 14 வரையுள்ள எல்லாப் பிள்ளைக்கும் கல்வியை உரிமையாக்கிய பின்னர் இத்தனிப்பள்ளிகளின் தேவை ஐயத்திற்கிடமாயிற்று. 2021-இல் அத்திட்டம் சமக்ர சிக்சா திட்டத்துள் இணைக்கப்பட்டது.

புறனடையின் கதை 2016-இல் முடிந்தது. அவ்வாண்டின் திருத்தம் 14 வயதிற்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துதலை விலக்கியது. 14 முதல் 18 வரையுள்ளோரை இடர்த்தொழிலினின்று விலக்கியது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்குக் குழந்தை உதவலாம் எனினும், அத்தொழில் இடர்த்தொழிலாயின் ஆகாது என்று வரையறுத்தது. 1938-இல் தோன்றிய தொடர், தீப்பெட்டிக்கும் வெடிக்கும் பொருந்தாதாக 78 ஆண்டுகள் ஆயின. மறு ஆண்டு, 2017 சூனில், உலகத் தொழிலமைப்பின் 138, 182 ஆகிய உடன்படிக்கைகளை இந்தியா ஏற்றது. அவற்றுள் முன்னது 1973-இலும் பின்னது 1999-இலும் இயற்றப்பட்டவை.

இன்னும் ஓரையம் உளது. தீப்பற்றும் பொருளும் வெடிபொருளும் இடர்ப்பட்டியலில் உள்ளன. வீட்டில் அட்டையை மடித்துத் தாள் ஒட்டிச் செய்யும் வெறும் பெட்டி, மருந்து ஏறாத நிலையில், தீப்பெட்டி ஆக்கத்தின் உறுப்பாமோ, தாட்பெட்டி செய்யும் குடும்பத் தொழிலாமோ? உறுப்பெனின் பள்ளி விட்டு வந்த சிறுமி அதனைத் தொடலாகாது, அன்றெனின் தொடலாம். சட்டத்தின் சொற்பொருள் ஆய்வார்க்கும் இவ்வட்டாரத் தொழிற்சொற்களைத் தொகுப்பார்க்கும் பொதுவான இவ்வினாவிற்கு, வீடுதோறும் சென்று பெட்டி ஒட்டுவார் வழக்கில் அவ்வேலை எப்பெயர் பெறுகின்றது, கூலியை எவர் கையிற் பெறுகின்றனர் என்பன கேட்டெழுதுதல் முதற்பணியாம்.