அச்சத்தின் சமூக அடிப்படை: ‘பெட்லம்’ திரைப்படம் பற்றிய ஒரு குறிப்பு

ஹொலிவூட்டில் ஒரு படைப்பு எவ்வகையைச் சார்ந்தது என்பதைப் பல வேளைகளில் சந்தையே தீர்மானித்து வந்துள்ளது. 1946 இல் ஆர்.கே.ஓ. நிறுவனம் வெளியிட்ட ‘பெட்லம்’ இதற்குத் தக்க சான்றாகும். தயாரிப்பாளர் வால் லூட்டனும் நெறியாளர் மார்க் றொப்சனும் 1761 ஆம் ஆண்டு இலண்டனைக் களமாகக் கொண்டு வரலாற்று நாடகமொன்றையே ஆக்கினர். வில்லியம் ஹோகார்த்தின் ஓவியங்களைத் துணைக்கொண்டனர். எனினும், 1931 இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ மூலம் புகழெய்திய பொறிஸ் கார்லொவ்வின் பெயரை முன்னிறுத்தி, அது திகிற்படமாகவே விற்கப்பட்டது.

இவ்விடத்து வரலாற்றுப் பின்னணியை மனங்கொள்ளுதல் வேண்டும். 1247 இல் தோன்றிய பெத்லெம் நிலையம் பிற்காலத்தில் மனநோயாளர் விடுதியாயிற்று. 18 ஆம் நூற்றாண்டில் நோயாளரைப் பார்ப்பது நகரமாந்தரின் பொழுதுபோக்காயிருந்தது. பார்வையாளர் ஈந்த காசு நிலையத்துக்கு வருவாயாயிற்று. 1770 இலேயே இவ்வழக்கம் கட்டுப்படுத்தப்பட்டது. ஹோகார்த் 1735 இல் வெளியிட்ட செதுக்கோவிய வரிசையின் இறுதிக் காட்சியில், நோயாளரிடையே வேடிக்கை பார்த்து நிற்கும் சீமாட்டியர் இருவரைக் காண்கிறோம். திகில் என்ற விளம்பரத்தை நம்பி நுழைவுச்சீட்டு வாங்கியவரும் அச்சீமாட்டியரின் இடத்திலேயே நிறுத்தப்பட்டனர்.

ஆனால் படம் காட்டும் அச்சம் வேறானது. பிரபுக்களின் விருந்திலே, உடலெங்கும் பொன்வண்ணம் பூசப்பட்ட நோயாளிச் சிறுவன் இறக்கிறான், விருந்தினர் நகைக்கின்றனர். விடுதித் தலைவன் சிம்ஸ், நோயாளர் நடத்தும் விசாரணையில், தன் கொடுமைக்கு அச்சமே காரணம் என்கிறான். மேலோரை அண்டிப் பிழைப்பவன், பதவி பறிபோகுமோ என அஞ்சித் தன்கீழ் உள்ளோரை வதைக்கிறான். எனவே இங்கு அச்சம் என்பது வர்க்க உறவின் விளைவு. விளம்பரமோ அவ்வுறவை மறைத்துக் கார்லொவ்வின் முகத்தை மட்டும் காட்டிற்று.

படத்துக்கும் வரையறையுண்டு. சிம்ஸ் தண்டனை பெறுகிறான். அவனைப் பேணிய பிரபு தப்பிவிடுகிறார். 18 ஆம் நூற்றாண்டிலேயே சீர்திருத்தம் தொடங்கிவிட்டதென இறுதி வாசகம் ஆறுதல் கூறுகிறது. ஆனால் 1814 இல் எட்வேர்ட் வேக்ஃபீல்ட் அந்நிலையத்தைப் பார்வையிட்டபோது, ஜேம்ஸ் நொறிஸ் என்பவர் பல்லாண்டுகளாக இரும்புத்தண்டிற் பிணைக்கப்பட்டிருக்கக் கண்டார். 1815 இல் பாராளுமன்றக் குழு இதனை விசாரித்தது. சிம்ஸ் போன்ற தனியொருவன் நீங்கியதால் நிறுவனத்தின் கொடுமை நீங்கவில்லை என்பதற்கு நொறிஸின் சங்கிலியே சாட்சி. கொடுமையைத் தனிமனிதனின் கோரமாகச் சுருக்குவதே திகில் என்னும் வணிக முத்திரையின் பணி. அம்முத்திரையை அகற்றி நோக்குமிடத்தே ‘பெட்லம்’ வரலாறாகத் தன்னை வெளிப்படுத்துகின்றது என்பது எமது துணிபு.