அயல்நாட்டுச் சித்திரக் கதைகளும் அவற்றின் மதிப்பும்

பழம்பொருள் சேர்ப்போர் பலவகையினர். நாணயம் சேர்ப்போர் உளர். தபால் தலை சேர்ப்போர் உளர். சித்திரக் கதைப் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்ப்போரும் உளர் என்றால், நம் காலனிப் பெரியோரிற் சிலர் நகைக்கக்கூடும். “பிள்ளைகள் படித்துக் கிழித்தெறியும் தாளுக்கு வரலாறு வேறா?” என்று வினவவும் கூடும். அவர்கட்கு ஒன்று கூறுவோம். சூப்பர்மேன் என்னும் வீரன் முதன்முதல் தோன்றிய ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 10 சென்ட் விலைக்கு விற்றது. அவ்விதழின் பிரதியொன்று 2024-இல் 60 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. காரணம் யாது? பிள்ளைகள் படித்துக் கிழித்தனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழந்தாள் திரட்டியபோது மிஞ்சியவையும் கூழாயின. எஞ்சியவை மிகச் சிலவே. அருமைதான் விலையாயிற்று.

சேகரிப்போருள் ஒரு சாரார் அயல்நாட்டுப் பதிப்புகளையே நாடுவர். ஒரு நாட்டில் பிறந்த கதை மற்றொரு நாட்டில் குடியேறும்போது அந்நாட்டு மொழியையும் உடையையும் ஏற்கிறது. அம்மாற்றத்தைக் காண்பதே அவர்தம் இன்பம். லீ பால்க் என்னும் அமெரிக்கர் 1936-இல் படைத்த முகமூடி வீரனை நோக்குவோம். அவன் 1948-இல் ஆஸ்திரேலியாவிலும், 1950-இல் சுவீடனிலும் தனிப் புத்தகமாகக் குடிபுகுந்தான். 1964 மார்ச்சில், டைம்ஸ் ஆப் இந்தியா நிறுவனத்தாரின் ‘இந்திரஜால் காமிக்ஸ்’ வாயிலாக இந்தியாவுக்கும் வந்தான். ஆங்கிலத்தோடு தமிழ் முதலிய நம் மொழிகளிலும் பேசினான். வங்காளத்தை நினைவூட்டிய அவனது காட்டின் பெயர் இங்கே ‘டெங்காலி’ என மாறிற்று. அட்டைகளையோ கோவிந்த் என்னும் நம் நாட்டு ஓவியர் புதிதாகத் தீட்டினார். 1990-இல் அவ்வெளியீடு நின்றுபோயிற்று. இன்று ஆஸ்திரேலியரும் சுவீடன் நாட்டவரும் அவ்வட்டைகளுக்காகவே அவற்றைத் தேடுகின்றனர். நாம் உள்ளூர்ச் சரக்கென்று எண்ணியது அவர்கட்கு அயல்நாட்டுப் பதிப்பு!

தமிழில் இத்துறையை வளர்த்த பெருமை சிவகாசிக்கு உரியது. 1972-இல் அங்கே சௌந்தரபாண்டியன் அவர்கள் தொடங்கிய ‘முத்து காமிக்ஸ்’ முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் தோன்றிய கதை அது; வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானியர். மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக் கை நீங்கலாக உடல் முழுதும் மறைந்துவிடும் அம்மாயாவியை அறியாத தமிழ்ப் பிள்ளைகள் அந்நாளில் குறைவு. 1984-இல் ‘லயன் காமிக்ஸ்’ பிறந்தது. இத்தாலியின் டெக்ஸ் வில்லரும் பெல்ஜியத்தின் லக்கி லூக்கும் காலப்போக்கில் சிவகாசி வழியே தமிழ் பேசலாயினர். அதே 1984-இல் தோன்றிய ‘ராணி காமிக்ஸ்’ 2005 வரை நடைபெற்றது. ஸ்பானியர் வரைய, ஆங்கிலேயர் அச்சிட, சிவகாசியார் தமிழாக்க, சித்தூர்ச் சிறுவன் படித்தான் என்பது எத்துணை நீண்ட பயணம்!

இனி, மதிப்பிடும் முறையைச் சுருங்கச் சொல்வோம். முதலாவது, முதற் பதிப்பா மறுபதிப்பா என்று காணவேண்டும். மாயாவியின் கதைகள் மீண்டும் மீண்டும் அச்சேறியவை. ஆதலின் அட்டையை மட்டும் நம்பலாகாது, உள்ளே அச்சிட்ட ஆண்டையும் விலையையும் ஒப்பிட வேண்டும். இரண்டாவது, அட்டை உண்டா, நடுப்பக்கங்கள் உளவா, குறுக்கெழுத்துக் கட்டங்கள் நிரப்பப்பட்டனவா என்று பார்க்கவேண்டும். மூன்றாவது, கம்பி துருவேறியுள்ளதா, தாள் பழுத்து ஒடிகிறதா என்று நோக்க வேண்டும். செய்தித்தாள் வகைக் காகிதம் வெயிலிலும் ஈரத்திலும் விரைவில் பழுக்கும். பல இதழ்களைச் சேர்த்து பைண்டு செய்வோர் ஓரங்களை வெட்டிவிடுவர். வெட்டிய பிரதிக்குச் சேகரிப்போரிடம் விலை குறைவு. மறுபதிப்பை முதற் பதிப்பென்று விற்போரும் உண்டு. அத்தகையோரைக் காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன் நிறுத்திச் சத்தியம் செய்யச் சொல்லலாம். அவர் சந்நிதியில் பொய் நிலைக்காது என்பது இவ்வட்டாரத்தார் யாவரும் அறிந்ததே!

நம் குடும்பக் கதையையும் ஈண்டுச் சொல்லவேண்டும். இரயில்வேயில் பணியாற்றிய நம் தந்தையார் காட்பாடிப் பக்கம் போய்வரும்போதெல்லாம் ‘முத்து காமிக்ஸ்’ வாங்கிவருவார். பாகாலாவுக்கு மாற்றலாகிக் குவார்ட்டர்ஸ் காலி செய்த நாளில், சுமை குறையட்டுமென்று இரண்டு பெட்டிகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டோம். பைண்டு செய்த ஒரே தொகுதி மட்டும் அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்ததால் தப்பிற்று. சென்ற ஆண்டு வெளியூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் அதைப் பார்த்தார். “ஓரம் வெட்டியாயிற்றே, பாதி விலைதான் தேறும்” என்றார். அந்தப் பாதி விலையே நம் ஒரு மாத வீட்டு வாடகைக்கு மேல் இருந்தது. மனம் சற்றே சலித்தது என்பதை மறைக்கமாட்டோம்.

எனினும் கொடுக்கவில்லை. காணியும் பாக்கமும் கொண்ட தமிழ்ப் பெயருடைய ஊர்கள் சூழ வாழ்ந்தும், 1953-இல் சித்தூர் மாவட்டம் ஆந்திரத்தோடு சேர்ந்தபின் நம் பிள்ளைகளுட் பெரும்பாலோர் பள்ளியில் படிப்பது தெலுங்கே. அதில் குறையொன்றுமில்லை, சோறிடும் மொழி அதுவும் நம் மொழியே. ஆயின் வீட்டில் பேசும் தமிழை எழுத்தில் கண்டால் நம் இளைய மகள் விழித்தாள். பாடப் புத்தகம் வைத்துக் கற்பிக்க முயன்று தோற்றோம். மாயாவியின் கை மட்டும் அந்தரத்தில் தொங்கும் பக்கத்தைக் கண்டதும், “இதில் என்ன எழுதியிருக்கிறது, அப்பா?” என்று தானே கேட்டாள். ஆறு மாதத்தில் எழுத்துக்கூட்டித் தொகுதி முழுவதும் படித்துவிட்டாள். நாமும் நம் தந்தையார் மடியில் அவ்வாறே தமிழ் கற்றவர்கள்தாம்.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய சித்திரக் கதைகள் கிடைத்தால் எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். விலைபோகும் முதற் பதிப்பாயின் உரிய விலை பெறுங்கள், அதில் தவறில்லை. அட்டையிழந்து ஓரம் வெட்டுண்டு விலைபோகாதவற்றைச் சங்கத்திற்குத் தாருங்கள். அலமாரியில் ஓர் அடுக்கு ஒதுக்கித் தருவதாக நிர்வாகிகள் இசைந்துள்ளனர். முதல் புத்தகமாக நம் வீட்டுத் தொகுதியை அங்கு வைக்கிறோம். மகளும் சம்மதித்துவிட்டாள், ஞாயிறுதோறும் தான் வந்து படிக்கலாம் என்னும் நிபந்தனையோடு.