கை மறக்கவில்லை!

உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா? தெரியும் என்றால் ஒரு சின்னக் கேள்வி. வண்டி இடது பக்கம் சாய்கிறது. கீழே விழாமல் இருக்க ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்புவீர்கள்?

பார்த்தீர்களா, யோசிக்கிறீர்கள்! (சாய்கிற பக்கமேதான். சந்தேகம் என்றால் ஓட்டிப் பாருங்கள்.) முட்டியைப் பெயர்த்துக்கொண்டு சின்ன வயசில் கற்ற வித்தை. கேட்டால் வாய்க்குச் சொல்ல வரவில்லை. ஏறி உட்கார்ந்தால் மட்டும் கை தானாகத் திருப்புகிறது. அப்படியானால் அந்த ஞாபகம் மூளையில் வேறு எங்கோ அல்லவா இருக்க வேண்டும்?

ஆமாம், வேறு இடத்தில்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஓர் இளைஞர் தன் வாழ்க்கையையே விலையாகக் கொடுத்தார். கொடுத்தது அவருக்கே ஞாபகம் இல்லை என்பதுதான் கொடுமை.

ஹென்றி மொலைசன், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்காரர். 1926-ல் பிறந்தவர். அப்பா எலெக்ட்ரீஷியன். பத்து வயசு வாக்கில் ஹென்றிக்கு வலிப்பு ஆரம்பித்தது. போகப்போக மருந்துக்கும் கட்டுப்படாமல், 27 வயசில் வேலைக்கே போக முடியாத நிலைமை. ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற மூளை அறுவை நிபுணர் ஒரு யோசனை சொன்னார். வலிப்பு எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று பரிசோதனைகளில் தெளிவாகத் தெரியவில்லை. இருந்தும், 1953-ல் ஆபரேஷன் நடந்தது. புருவங்களுக்கு மேலே இரண்டு ஓட்டைகள் போட்டு, மூளையின் உட்பகுதியில் இரண்டு பக்கமும் திசுக்களை உறிஞ்சி எடுத்துவிட்டார் டாக்டர். கடற்குதிரை போல வளைந்திருப்பதால் ஹிப்போகேம்பஸ் என்று பெயர் பெற்ற பகுதியில் கணிசமான பங்கும் அதோடு போய்விட்டது.

வலிப்பு குறைந்தது, வாஸ்தவம்தான். ஆனால், ஆஸ்பத்திரியில் பாத்ரூம் எங்கே என்று ஹென்றிக்குத் தெரியவில்லை. தினமும் பார்க்கிற நர்ஸ்களை அடையாளம் தெரியவில்லை. பழைய ஞாபகங்கள் நிறையவே இருந்தன. பேச்சு, மரியாதை, நகைச்சுவை எல்லாம் அப்படியே. ஐ.க்யூ. 112! புதிதாக எதுவும் மனசில் ஒட்டவில்லை, அவ்வளவுதான். 'அவ்வளவுதான்' என்று சுலபமாக எழுதிவிட்டேன். ஒருவர் அறையைவிட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால், ஹென்றிக்கு அவர் புது ஆள். 1955 ஏப்ரலில் தேதி கேட்டபோது, '1953 மார்ச்' என்றார்.

அப்படிக் கேட்டவர் பிரெண்டா மில்னர். கனடாவின் மான்ட்ரியலிலிருந்து ரயிலேறி வந்த பெண் விஞ்ஞானி. அவரும் ஸ்கோவிலும் சேர்ந்து 1957-ல் எழுதிய கட்டுரையில் ஒரு குட்டித் தகவல் வருகிறது. ஹென்றி வீட்டில் ஒழுங்காக, கைதேர்ந்தவர் போலப் புல் வெட்டுவார். ஆனால், அந்த மெஷின் எங்கே இருக்கிறது என்று அம்மாதான் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும், முதல் நாள்தான் அதை அவரே தள்ளியிருந்தாலும்!

சரி, புல் வெட்டுவது பழைய பழக்கம். புதிதாக ஒரு வித்தையை அந்தக் கைகள் கற்குமா?

மில்னர் ஒரு நட்சத்திரப் படத்தை வைத்தார். இரட்டைக்கோடு போட்ட நட்சத்திரம். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் பென்சிலை ஓட்ட வேண்டும். கையும் தாளும் நேரடியாகத் தெரியாதபடி ஒரு மறைப்பு. கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். நீங்களும் வீட்டில் முயற்சி செய்து பாருங்கள், முனை திரும்புகிற இடத்தில் கை பிடிவாதமாக எதிர்ப்பக்கம் போகும். ஹென்றிக்கும் அப்படித்தான் கோட்டைத் தாண்டித் தாண்டிப் போனது. ஒரு நாளைக்குப் பத்து தடவை, மொத்தம் மூன்று நாள். இரண்டாம் நாள் அவர் அடிமட்டத்திலிருந்து தொடங்கவில்லை, முதல் நாள் விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கினார். மூன்றாம் நாள் தப்பே அரிதாகிவிட்டது.

ஆனால், இந்தப் படத்தை முன்னே வரைந்திருக்கிறோம் என்று அவருக்குத் துளிகூட நினைவில்லை. கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன், பரவாயில்லையே என்று அவரே ஆச்சரியப்பட்டாராம்!

இதே ஹென்றிக்கு ஒரு புதிர்ப்பாதையைக் கொடுத்து, எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் போவது என்று கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். 215 தடவை முயன்றும் முன்னேற்றமே இல்லை. அதற்கு வழியை 'நினைவில்' வைக்க வேண்டுமே! நட்சத்திரத்துக்கு அது வேண்டியதில்லை, கை பழகினால் போதும். அடுத்து வந்த சூசன் கார்கின், கிராமபோன் தட்டு போலச் சுற்றும் வட்டில் ஒரு புள்ளியைக் குச்சியால் தொட்டபடியே இருக்கச் சொல்லிப் பார்த்தார். மற்றவர்கள் அளவுக்கு இல்லாவிட்டாலும் ஹென்றி நாளுக்கு நாள் தேறினார்.

ஞாபகம் என்பது ஒரே சரக்கு, மூளை முழுக்கப் பரவிக் கிடக்கிறது என்றுதான் அதற்கு முன்பு பலர் நம்பினார்கள். எலிகளின் மூளையை அங்கங்கே வெட்டிப் பார்த்த கார்ல் லாஷ்லி அப்படித்தான் சொல்லியிருந்தார். ஹென்றியின் பென்சில் அதை உடைத்தது. 'நேற்று என்ன நடந்தது' என்பதைப் பதிய ஹிப்போகேம்பஸ் வேண்டும். 'எப்படிச் செய்வது' என்பதைப் பதிவது பேசல் கேங்க்லியா, சிறுமூளை போன்ற வேறு பகுதிகள். பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு நிலைமை தலைகீழ். நடந்ததெல்லாம் நினைவிருக்கும், புதிய கைவேலை பழகுவதுதான் சிரமம். ஆகவே, உங்கள் பிள்ளை சைக்கிளோ நீச்சலோ கற்கும்போது 'எத்தனை தடவை சொன்னேன்!' என்று கத்தாதீர்கள். நீங்கள் சொல்வது போய்ச் சேருகிற இடம் வேறு!

ஸ்கோவிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தான் செய்தது பரிசோதனை முயற்சிதான் என்று அவர் மறைக்காமல் எழுதினார். இப்படி இரண்டு பக்கமும் எடுக்காதீர்கள் என்று மற்ற டாக்டர்களையும் எச்சரித்தார். நேர்மைதான், மறுக்கவில்லை. ஆனால், இடம் தெரியாமலே எடுத்ததை அந்த நேர்மை திருப்பித் தருமா?

ஹென்றி அதன் பிறகு ஐம்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். கார்கின் பல ஆண்டுகள் அவரைச் சந்தித்தார். ஒவ்வொரு சந்திப்பும் ஹென்றிக்கு முதல் சந்திப்பு. வயதான காலத்தில் வாக்கர் பிடித்து நடக்கக் கற்றுக்கொண்டார், கற்றது தெரியாமலே. பாடப்புத்தகங்களில் 'ஹெச்.எம்.' என்ற இரண்டு எழுத்தாக மட்டுமே இருந்தவரின் முழுப்பெயர், 2008 டிசம்பரில் அவர் 82 வயதில் இறந்த பிறகுதான் வெளியே வந்தது. அடுத்த ஆண்டு சான் டியேகோவில் அவருடைய மூளையை உறையவைத்து, 53 மணி நேரம் உட்கார்ந்து 2,401 மெல்லிய சீவல்களாகச் சீவினார்கள். ஸ்கோவில் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் எடுத்திருக்கிறார், ஹிப்போகேம்பஸின் பின்பகுதி கணிசமாக மிச்சமிருந்தது என்பது 2014-ல் உறுதியானது.