குட்ச்: மாடிப்படிக்கு அடியில் வளர்ந்த சொல்

தெற்கு வேல்ஸின் சுரங்க ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களைப் பழைய கதை பேச விட்டால், சிறிது நேரத்தில் ‘குட்ச்’ என்ற சொல் வந்து விழும். முழங்கால் சிராய்த்து அழுதுகொண்டு வரும் பிள்ளையைத் தாய் சேர்த்து அணைத்துக்கொள்வது குட்ச். மாடிப்படிக்கு அடியில் துடைப்பமும் பழைய பூட்சும் கிடக்கும் இருட்டு மூலையும் குட்ச். கொல்லையில் நிலக்கரி கொட்டி வைக்கும் சின்னக் கொட்டடியும் அதே குட்ச்தான். கண்ணில் படாமல் ஒரு பொருளை எடுத்து வைப்பதற்கும் இதையே வினையாக்கிச் சொல்வார்கள்.

இன்று காபிக் கோப்பையிலும் தலையணை உறையிலும் இந்தச் சொல்லை அச்சிட்டு விற்கிறார்கள். வேறெந்த மொழியிலும் இல்லாத, வேல்ஸ் மண்ணுக்கே உரிய சொல் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் இது கடன் வாங்கிய சொல். இதனால் அதன் மதிப்பு எள்ளளவும் குறையவில்லை என்பது என் கருத்து. கடனாக வந்த சொல்லுக்கு அந்த ஊர்கள் கொடுத்த வாழ்வுதான் பெரிது.

லத்தீனில் ‘கொல்லொகாரே’ என்றால் ஓர் இடத்தில் வைத்தல். அது பிரெஞ்சில் ‘கூஷே’ எனத் தேய்ந்து, படுக்க வைத்தல் என்று பொருள்பட்டது. அங்கிருந்து இடைக்கால ஆங்கிலத்துக்கு வந்தபோது படுக்கையையும், விலங்கு பதுங்கும் இடத்தையும் குறித்தது. ஆங்கிலத்தில் ஊகார ஒலி பின்னாளில் திரிந்ததால், இன்று அது ‘கௌச்’ என்ற சாய்விருக்கையாக நிற்கிறது. வேல்ஸ் மொழியிலோ உகரம் அப்படியே நிலைத்தது. கடன் பழையது என்பதை அந்த உகரமே காட்டிக்கொடுக்கிறது. நாயைப் படுக்கச் சொல்லி அதட்டுவதற்கும் வேல்ஸ் மொழியில் இந்தச் சொல் உண்டு. படுக்கும் இடத்திலிருந்து பதுங்கும் இடத்துக்கும், அங்கிருந்து அணைப்புக்கும் பொருள் நகர்ந்தது நமக்கு விளங்காத புதிர் இல்லை. மழைக்குத் திண்ணையில் ஒண்டுகிறோம். குழந்தை தாயிடம் ஒண்டிக்கொள்கிறது.

வடக்கு வேல்ஸில் மாடிப்படிக்கு அடியிலுள்ள இடத்துக்கு வேறு பெயர். குட்ச் தெற்கத்திச் சொல். அதிலும் ரோண்டா போன்ற நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஊறிய சொல். 1913இல் தெற்கு வேல்ஸ் ஏறத்தாழ 5.7 கோடி டன் கரி வெட்டியது. வேல்ஸின் நாட்டுப்புறங்களிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வேலை தேடி வந்தவர்களுக்காக, மலைச்சரிவு நெடுக ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள் எழுந்தன. பிறகு அவ்வீடுகளில் ஆங்கிலம் பரவி வேல்ஸ் மொழி மெலிந்தது. குட்ச் மட்டும் போகவில்லை. ஆங்கிலப் பேச்சுக்குள்ளேயே குடியேறிவிட்டது.

சுரங்கங்கள் ஓடிய காலத்தில் தொழிலாளியின் குடும்பத்துக்குச் சலுகைக் கரி கிடைத்தது. லாரியோ வண்டியோ வந்து வாசலில், தெருவிலேயே குவித்துவிட்டுப் போய்விடும். கொல்லைப்புறச் சந்து இல்லாத வீடு என்றால் கூடம், அடுப்படி வழியாகத்தான் வாளி வாளியாகச் சுமக்க வேண்டும். பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்கு அன்று விளையாட்டு இல்லை. பெரிய கட்டிகளைக் கொட்டடி வாயிலில் சுவர்போல் அடுக்கி, பொடியை உள்ளே தள்ளுவார்கள். அடுக்குத் தெரியாமல் குவித்தால் எல்லாம் சரிந்து வெளியே வரும். வயதானவர் வீட்டு வாசலில் கிடக்கும் கரியை அக்கம்பக்கத்தார் அள்ளிப் போடுவார்கள். கடைசியில் பெண்கள் மண்டியிட்டு வாசற்படியையும் நடைபாதையையும் தேய்த்துக் கழுவுவார்கள்.

அந்தக் கரிதான் வீட்டு அடுப்பில் வெந்நீர் போட்டது. சுரங்க வாயிலில் குளியலறைகள் பரவலாக வருவதற்கு வெகுகாலம் ஆயிற்று; வேல்ஸில் முதலாவது ட்ரெஹாரிஸில் 1916இல்தான் வந்தது. அதுவரை அடுப்பின் முன் தகரத் தொட்டியில் குளியல். முதுகைத் தேய்த்தால் இடுப்பு பலம் போய்விடும் என்று சிலர் முதுகை மட்டும் கரியோடு விட்டுவிடுவார்கள். பக்கத்தில் தாய், தன்னையும் கைக்குழந்தையையும் ஒரே கம்பளிச் சால்வையில் சுற்றிக்கொண்டு, ஒரு கையை வேலைக்கு விட்டு நிற்பாள். அந்தச் சால்வைக்குள் கிடப்பதும் குட்ச்.

கொட்டடி காலியான காலங்களும் உண்டு. 1926இல் சுரங்கக் கதவடைப்பு ஏழு மாதம் நீண்டபோதும், 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போதும் சலுகைக் கரி நின்றது. ஆயுள் முழுக்கக் கரி வெட்டியவர்கள் சுரங்கக் கழிவு மேடுகளைத் தோண்டிக் கரி பொறுக்கினார்கள். இதைவிடக் கொடிய முரண் அந்த ஊர்களுக்கு நேர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. ரோண்டாவின் கடைசிச் சுரங்கமான மேர்டி 1990 டிசம்பரில் மூடப்பட்டது.

கார்டிஃப் பக்கம் போகிறவர்கள் செயின்ட் ஃபாகன்ஸ் அருங்காட்சியகத்துக்கு அவசியம் போய்வாருங்கள். மெர்த்தர் என்ற ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த ஆறு தொழிலாளர் வீடுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. 1805 முதல் 1985 வரை ஒவ்வொன்றும் ஒரு காலத்தைக் காட்டும். உள்ளே போகலாம், கட்டணம் கிடையாது. அந்த அறைகளின் அளவைக் கண்ணால் பார்த்த பிறகு குட்ச் என்ற சொல்லுக்கு அகராதி தேவைப்படாது.