கரண்டும் எங்கள் பெரியப்பா கையும்

குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோலார் தங்கவயலுக்கு 1902-லேயே கரண்ட் வந்துவிட்டது. காவிரியில் சிவசமுத்திரம், அங்கிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி. சுரங்கத்தில் விளக்கு எரிந்தபோது, எங்கள் சித்தூர் ஜில்லா விவசாயி மாடு கட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தார். பம்ப்செட் வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

கரண்ட் ஆளைக் கொல்லும் என்பது அதற்கும் முன்பே தெரிந்த சங்கதி. 1879-ல் பிரான்சின் லியோன் நகரில் நாடக மேடைத் தச்சர் ஒருவர் 250 வோல்ட்டில் இறந்துபோனார். நம் பம்ப்செட்டுக்கு 415, டிரான்ஸ்ஃபார்மர் தலைமேல் 11,000.

பலமநேர் பக்கம் எங்கள் பெரியப்பா, ராத்திரி சப்ளை, காயும் பயிர், லைன்மேன் வரவில்லை. ஏபி சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் ஃபியூஸ் போட ஏறினார். மூன்றில் ஒரு பிளேடு விடுபடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் ஒரு கருத்த புள்ளி, காலில் ஒன்று. "இவ்வளவுதானா" என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மூன்றாம் நாள் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தீக்காயம் வெளியிலிருந்து உள்ளே போகும். கரண்ட் உள்ளேயே ஓடி எலும்பை ஒட்டிய சதையை வேகவைக்கும். வெந்த சதையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் டிக்காஷன் நிறமாகும். அதனால்தான் டாக்டர்கள் சலைன் நிறைய ஏற்றுகிறார்கள், வீங்கிய கையைக் கீறி அழுத்தம் இறக்குகிறார்கள், ஈசிஜி பார்க்கிறார்கள். புள்ளி சின்னது என்று பேஸ்ட் தடவி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். திருப்பதிக்கோ வேலூருக்கோ உடனே கிளம்புங்கள்.

நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முறையே லைன்மேன்களால் வந்ததுதான். ஷாக்கில் அவர்கள் சாவதைப் பார்த்து மின் கம்பெனிகள் பணம் தர, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கௌவன்ஹோவன் குழு 1960-ல் அதை வெளியிட்டது. அவர் டாக்டர் அல்ல, எலக்ட்ரிகல் என்ஜினியர் (எங்கள் ஜாதி என்று நான் பெருமைப்படுவதுண்டு!). மறு வருஷம் பெர்க்லியில் டால்சீல், கரண்ட் கசிந்தால் தானே அறுந்துவிடும் சுவிட்சைச் செய்தார். நம் ஊரில் ஈஎல்சிபி என்பார்கள்.

வீட்டு லைனில் ஒருவருக்கு ஷாக் அடித்தால் முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளலாம். 11,000 வோல்ட்டில் கட்டையும் உதவாது, சப்-ஸ்டேஷனுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லும்வரை கிட்டே போகக்கூடாது. பன்றிக்கும் யானைக்கும் பயந்து வேலியில் நேரடியாகக் கரண்ட் கொடுப்பவர்களுக்கு என்ன சொல்வது? கௌண்டின்யா யானைகளும் செத்திருக்கின்றன, வேலி போட்டவர்களும் செத்திருக்கிறார்கள்.

போன தடவை ஊருக்குப் போனபோது பெரியப்பா வீட்டில் ஈஎல்சிபி மாட்டினேன். டிரான்ஸ்ஃபார்மரில் அது காப்பாற்றாது, மோட்டார் ரூமிலும் தனியாக வேண்டும். வீட்டுக்கு ஆன செலவு, சென்னை ஏர்போர்ட்டிலிருந்து சித்தூர் போன டாக்ஸிக்கு ஆனதைவிடக் குறைவு.